கடைத்தெருவுக்குப் புது நடைபாதையும் மரமும்: எந்த வழி எந்தத் தெருவுக்கு?

கடைத்தெருவைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று கூட்டம் போட்டால் முதலில் மேசைக்கு வருவது தரைக்கல் மாதிரிகள்தான். சாம்பலா சிவப்பா, சதுரமா அறுகோணமா என்ற பேச்சிலேயே ஒரு மணி நேரம் ஓடிவிடும். உண்மையில் அது கடைசியாக எடுக்க வேண்டிய முடிவு. முதலில் தெரிய வேண்டியவை மூன்று: மாலை நெரிசலில் எத்தனை பேர் நடக்கிறார்கள், தரைக்கு அடியில் என்னென்ன ஓடுகிறது, ஒவ்வொரு கடையின் வாசற்படியும் எந்த மட்டத்தில் இருக்கிறது. இந்த மூன்றும் கையில் இல்லாவிட்டால் நாம் ஒப்பிடுவது வழிகளை அல்ல, வரைபடங்களை.

பேச வசதியாக ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். எதிரெதிர்க் கட்டடங்களுக்கு இடையே 18 மீட்டர். இருபுறமும் 2 மீட்டர் நடைபாதை, நடுவில் 14 மீட்டர் தார்ச்சாலை. சாலையின் இரு ஓரமும் 2.5 மீட்டர் அகலத்துக்கு கார்கள் நிற்கின்றன. மிச்சமுள்ள 9 மீட்டரில் இரு திசைப் போக்குவரத்து. இப்படிப்பட்ட தெருவுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, அகலத்தைத் தொடாமல் பழைய நடைபாதையையே புதுக் கல்லால் பாவி, ஆங்காங்கே குழி எடுத்து மரம் வைப்பது. இரண்டாவது, ஒரு பக்கத்துப் பார்க்கிங்கை எடுத்துவிட்டு, வண்டிகள் ஓடும் தடங்களை அளவாகச் சுருக்கி, இருபுறமும் 4.5 மீட்டர் நடைபாதை போடுவது: நடைபாதை 4.5, இரு தடங்கள் 6.5, மிஞ்சும் பார்க்கிங் 2.5, நடைபாதை 4.5 என்று கூட்டினால் 18 சரியாக வரும். 3.25 மீட்டர் தடம் பேருந்துக்கும் போதும். மூன்றாவது, வண்டிகளை முழுக்க நிறுத்தி, கட்டடத்திலிருந்து கட்டடம் வரை நடப்பவர்களுக்கே விட்டுவிடுவது.

தலைக்கணக்கும் வண்டிக்கணக்கும்

ஒரு வேலைநாள் மாலையிலும் ஒரு விடுமுறை மாலையிலும், தெருவின் நடுவே ஒரு கோட்டைக் குறித்து, அதைக் கடக்கிறவர்களை 15 நிமிடம் எண்ணுங்கள். சாலையில் இறங்கி நடக்கிறவர்களையும் விடாமல் எண்ண வேண்டும். மேலே இடமில்லாததால்தான் அவர்கள் கீழே இறங்கினார்கள். ஒரு பக்கத்தில் 900 பேர் என்று வந்தால் நிமிடத்துக்கு 60.

அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின் 1971-இல் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 23 பேர் வரை போனால் அவரவர் வேகத்தில் நடக்கலாம். 33-ஐத் தாண்டினால் முன்னே போகிறவரைத் தாண்டிச் செல்வது கடினமாகிறது. 49-க்கு மேல் போனால் எல்லோரும் ஒரே வேகத்தில் நகர வேண்டியதுதான். இந்தக் கணக்கில் போடும் அகலம் சுவரிலிருந்து விளிம்புக்கல் வரையுள்ள முழு அகலம் அல்ல. கடைக் கண்ணாடியைப் பார்த்து நிற்பவர்கள் அரை மீட்டருக்கு மேல் எடுத்துக்கொள்வார்கள். விளிம்பில் விளக்குக் கம்பமும் பலகைகளும் இன்னொரு அரை மீட்டர். 2 மீட்டர் நடைபாதையில் நடக்க மிஞ்சுவது 0.9 மீட்டர். அறுபது பேரை 0.9-ஆல் வகுத்தால் 67 வருகிறது. மக்கள் ஏன் சாலையில் இறங்குகிறார்கள் என்பதற்கு விளக்கம் இந்த ஒரு எண்ணிலேயே இருக்கிறது. இதையே 4.5 மீட்டரில் போடுங்கள்: கண்ணாடி ஓரம் 0.6, மரமும் கம்பமும் நிற்கும் பட்டை 1.5, நடக்க 2.4. மீட்டருக்கு 25 பேர். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்கத் தேவையான 1.8 மீட்டரும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

பார்க்கிங்கை எடுத்தால் வியாபாரம் போய்விடும் என்பது கடைக்காரர்களின் பெரிய கவலை. அந்தக் கவலையைத் தட்டிக்கழிக்காமல் அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். 100 மீட்டர் ஓரத்தில், ஒரு காருக்கு 6 மீட்டர் வீதம், 16 கார்கள் நிற்கும். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் நின்றால் பத்து மணி நேரத்தில் 80 கார்கள். காருக்கு ஒன்றரை ஆள் என்றால் 120 பேர். அதே ஓரத்தில் 120 பேர் நடந்து கடக்க உச்ச நேரத்தில் இரண்டு நிமிடம் ஆகிறது. நடக்கிறவர் எல்லோரும் வாங்குகிறவர் அல்ல என்பது உண்மை. ஆனாலும் இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள தூரம் மிகப் பெரியது. பெர்லினில் இரண்டு கடைத்தெருக்களில் நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், தங்கள் வாடிக்கையாளரில் ஏறத்தாழ 22 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் மதிப்பிட்டார்கள். வாடிக்கையாளர்களையே கேட்டபோது வந்த எண் 7 சதவீதம். உங்கள் தெருவிலும் கடை வாசலில் நின்று ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். ஊரார் சொல்லும் எண்ணைவிடச் சொந்த எண்ணைத்தான் கடைக்காரர்கள் நம்புவார்கள், அது நியாயமும்கூட.

கடைகளுக்கு உண்மையிலேயே உயிர்நாடி சரக்கு இறக்கும் இடம். இரண்டாவது வழியில் மிஞ்சும் 2.5 மீட்டர் பட்டையில், 80 முதல் 100 மீட்டருக்கு ஒன்றாக, 12 மீட்டர் நீளமுள்ள சரக்கு இறக்கும் இடம் கட்டாயம் வேண்டும். அதை விட்டுவிட்டால் லாரி நடைபாதையில் ஏறும். முதல் மாதத்திலேயே விளிம்பில் இருக்கும் கற்கள் அமுங்கும். அங்கே தண்ணீர் தேங்கும். அடுத்த மழையில் அதன் கீழிருக்கும் மணல் கரைந்து போகும்.

அகலப்படுத்தினால் வாசலுக்கு என்ன ஆகும்

வரைபடத்தில் யாருக்கும் தெரியாமல், முதல் பெருமழையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் தவறு மட்டத் தவறு. நடைபாதைக்குச் சாலைப் பக்கமாக வாட்டம், அதாவது சரிவு, தேவை. 2 சதவீதம், அதாவது மீட்டருக்கு 2 செ.மீ. அதற்கு மேல் போனால் சக்கர நாற்காலி ஒரு பக்கமாக இழுக்கும். நடைபாதையை 2 மீட்டரிலிருந்து 4.5 மீட்டராக்கும்போது இரண்டு காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன. கூடுதல் 2.5 மீட்டருக்கு வாட்டம் கொடுக்க 5 செ.மீ உயரம் வேண்டும். அதோடு, சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருப்பதால், புது விளிம்புக்கல் நிற்கும் இடத்தில் தார்மட்டமே 6 செ.மீ அதிகம். மொத்தம் 11 செ.மீ. பழைய நடைபாதை வாசற்படியை ஒட்டி இருந்தது என்றால், புதியது படியைவிட 11 செ.மீ உயர்ந்து நிற்கும். மழைத்தண்ணீர் கடைக்குள் போகும். பல ஆண்டுகளாகத் தாரின் மேலேயே தார் போட்டு வந்த தெருவில் நிலைமை இன்னும் மோசம்.

தீர்வு மூன்று உண்டு. சிறந்தது, பழைய தாரை மில்லிங் இயந்திரத்தால் 10 செ.மீ சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது. அடுத்தது, 15 செ.மீ விளிம்புக்கல்லுக்குப் பதிலாக 7 அல்லது 8 செ.மீ உயரத்தில் நிறுத்துவது. ஆனால் அப்போது வண்டிகள் எளிதாக ஏறும் என்பதால் 1.2 மீட்டர் இடைவெளியில் தடுப்புத் தூண் வேண்டும். அந்த இடைவெளியில் சக்கர நாற்காலி போகும், கார் போகாது. மூன்றாவது, நடைபாதையின் நடுவே, மேலே ஒடுங்கிய பிளவு மட்டும் திறந்திருக்கும் பிளவு வடிகாலைப் போட்டு இரு பக்கமிருந்தும் அதற்கு வாட்டம் கொடுப்பது. இதைக் கடைசிப் புகலிடமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிளவில் தூசியும் காகிதமும் அடையும், மாதம் ஒருமுறை திறந்து வாரியாக வேண்டும். வார ஆள் இல்லாத தெருவில் அது ஒரே ஆண்டில் மூடிக்கொள்ளும்.

எந்த வழியை எடுத்தாலும் சர்வே வரைபடத்தில் ஒவ்வொரு வாசற்படியின் உயரமும் மில்லிமீட்டரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இருபது மீட்டருக்கு ஒரு புள்ளி என்பது சாலைக்குப் போதும், கடைத்தெருவுக்குப் போதாது.

முதல் வழி எப்போது சரி

அகலத்தைத் தொடாத வழிக்குச் செலவு குறைவு, எதிர்ப்பும் குறைவு. கட்டட இடைவெளி 12 மீட்டருக்குக் கீழே உள்ள தெருவில், வண்டிகளை நிறுத்தவும் முடியாதென்றால், வேறு வழியே இல்லாமலும் இருக்கலாம். இரண்டு மூன்று ஆண்டுகளில் குடிநீர்க் குழாயோ கழிவுநீர்க் குழாயோ மாற்றத் தோண்டப் போகிறார்கள் என்று தெரிந்தால், இப்போதைக்கு இதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் இதில் மரம் வைப்பதுதான் சிக்கல். ஒரு மீட்டர் நீள அகலத்தில் ஒரு மீட்டர் ஆழக் குழி எடுத்தால் கிடைக்கும் மண் ஒரு கன மீட்டர். சுற்றிலும் உள்ள தரை, கல் பாவுவதற்காக 95 சதவீத அடர்த்திக்கு இடித்து இறுக்கப்பட்டது. வேர் அதில் நுழைய முடியாது. மரம் நான்கைந்து ஆண்டு நன்றாகத் தெரியும், பிறகு உச்சிக் கிளைகள் காயத் தொடங்கும். இல்லையென்றால் வேர் தனக்கு வழி கண்டுபிடிக்கும்: கல்லுக்கும் இறுகிய அடித்தளத்துக்கும் நடுவே உள்ள மெல்லிய இடுக்கில்தான் காற்றும் கசியும் ஈரமும் இருக்கின்றன, அங்கே ஓடிப் பருத்துக் கல்லைத் தூக்கும். நடைபாதை பெயர்ந்ததற்கு மரத்தின் மேல் பழி போட்டு வெட்டிவிடுவார்கள். அந்த வேருக்கு நாம் வேறு இடம் எதையும் வைக்கவில்லை என்பதை யாரும் கேட்பதில்லை.

மரத்தின் கிரீடத்துக்கும், அதாவது கிளையும் இலையும் விரியும் தலைப்பகுதிக்கும், இடமில்லை. 2 மீட்டர் நடைபாதையில் விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி நட்டால் சுவருக்கு 1.5 மீட்டர்தான்; மரத்தின் ஒரு பாதியை வாழ்நாள் முழுக்க வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே இந்த வழியை எடுத்தால் நடைபாதையில் மரம் வைக்காதீர்கள். பார்க்கிங் பட்டையில், மூன்று கார்களுக்கு ஒன்றாக, 2.5 மீட்டருக்கு 3 மீட்டர் அளவில் பாத்தி எடுத்து வையுங்கள். மண் 7.5 கன மீட்டர் கிடைக்கும், சுவருக்கு 3.25 மீட்டர் தூரம் கிடைக்கும், நடக்கும் அகலமும் குறையாது. மரம் தேவையில்லை என்று முடிவெடுத்துவிட்டால் அதையும் நேராகச் சொல்லிவிட்டு, அந்தப் பணத்தில் கடை முகப்புகளுக்கு வெயில் மறைப்பு போடுவது நல்லது.

வண்டியே இல்லாத தெரு

கோபன்ஹேகனின் ஸ்ட்ரோயெட் தெரு 1962 நவம்பரில் சோதனையாக வண்டிகளுக்கு மூடப்பட்டது, 1964-இல் நிரந்தரமானது, இன்றும் உயிரோடு இருக்கிறது. சிகாகோவின் ஸ்டேட் ஸ்ட்ரீட் 1979-இல் பேருந்துக்கும் நடப்பவர்க்கும் மட்டும் என்று மாற்றப்பட்டு, நடைபாதைகள் மிகவும் அகலமாக்கப்பட்டன. 1996-இல் மறுபடி சாலையாக்கிவிட்டார்கள். அங்கே அகலமே பாதகமாக முடிந்தது. இருந்த கூட்டம் அந்தப் பரப்பில் சிதறி, தெரு வெறிச்சோடியதுபோலத் தெரிந்தது. வெறிச்சோடிய தெருவுக்குள் மாலையில் யாரும் விரும்பி வருவதில்லை.

எனவே மூன்றாவது வழிக்கும் முதல் சோதனை தலைக்கணக்குதான். நமது தெருவில் இருபுறமும் சேர்த்து நிமிடத்துக்கு 120 பேர். 18 மீட்டரில் பரப்பினால் மீட்டருக்கு ஏழு பேர்கூட இல்லை. மதிய வேளையில் இதில் கால்வாசியாகக் குறைந்தால் தெரு காலியாகத்தான் தெரியும். இப்போதே கூட்டம் இதைப்போல் மூன்று மடங்கு இருந்தால், அல்லது கட்டட இடைவெளி 10 முதல் 12 மீட்டராக இருந்தால், தயங்காமல் இந்த வழியை எடுக்கலாம். குறுகிய தெருவுக்கு இதுதான் எல்லாவற்றையும்விடச் சிறந்தது என்று தைரியமாகச் சொல்லலாம்.

அப்போதும் சில நிபந்தனைகள் விலக்க முடியாதவை. சரக்குக்குக் காலை நேரம் ஒதுக்க வேண்டும். தீயணைப்பு வண்டிக்குத் தெரு நெடுக சுமார் 4 மீட்டர் அகலம் எதுவும் நிற்காமல் திறந்திருக்க வேண்டும். மரமும் இருக்கையும் அதற்கு வெளியேதான். வண்டிகள் திரும்பிப் போக இணைத்தெரு ஒன்று வேண்டும், பேருந்து நிறுத்தம் 200, 300 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

இந்த வழியில் பலரும் விளிம்புக்கல்லையே எடுத்துவிட்டு ஒரே மட்டமாகப் போட ஆசைப்படுகிறார்கள். வண்டி அறவே வராது என்றால் சரி. காலையில் சரக்கு வண்டியோ, நாள் முழுக்கப் பேருந்தோ வருமென்றால் பார்வையற்றோருக்கு அது ஆபத்து. கைத்தடியோடு நடப்பவர் நம்பத்தகுந்த முறையில் உணர விளிம்புக்குக் குறைந்தது 60 மி.மீ உயரம் வேண்டும் என்று லண்டனில் 2009-இல் செய்த சோதனைகள் காட்டின. 20 மி.மீ விளிம்பைப் பார்த்தால் அழகாக இருக்கும், காலுக்குத் தெரியாது. காலாலும் கைத்தடியாலும் தொட்டு உணரும் தொடுதளக் கற்களையும் யோசித்துப் பதிக்க வேண்டும்: நீள்வரி உள்ளவை வழி காட்ட, புள்ளி உள்ளவை நிற்கச் சொல்ல. ஜப்பானில் மியாகே செய்இச்சி 1965-இல் உருவாக்கி 1967-இல் ஒகயாமாவில் முதலில் பதித்த இந்தக் கற்கள் இன்று எங்கும் இருக்கின்றன. ஆனால் வழிகாட்டும் வரி நேராகப் போய் ஒரு மின்பெட்டியில் முட்டுவதும் எங்கும் இருக்கிறது. மின்பெட்டியை முதலில் நகர்த்திவிட்டு, பிறகு வரியைப் பதியுங்கள்.

மூட வேண்டுமா வேண்டாமா என்பதில் ஊர் பிளந்து நின்றால் கான்கிரீட் கொட்டும் முன் சோதித்துப் பார்க்கலாம். நியூயார்க்கில் டைம்ஸ் ஸ்கொயரை ஒட்டிய பிராட்வேயை 2009 மே மாதத்தில் தடுப்பு வைத்து மூடி, மடக்கு நாற்காலி போட்டார்கள். அடுத்த ஆண்டு நிரந்தரம் என்று அறிவித்தார்கள். பெயிண்ட், தொட்டிச்செடி, தடுப்புத் தூண் ஆகியவற்றோடு மூன்று முதல் ஆறு மாதம் ஓட்டினால் சரக்கு வண்டி எங்கே சிக்குகிறது, எந்த மூலையில் மக்கள் குறுக்கே கடக்கிறார்கள் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். அகலப்படுத்தும் வழிக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

மண்: இரண்டாவது வழியின் அடித்தளம்

நமது 18 மீட்டர் தெருவுக்கு இரண்டாவது வழிதான் பொருத்தம். அது பலிப்பதும் பாழாவதும் மரம் நிற்கும் அந்த 1.5 மீட்டர் பட்டைக்கு அடியில் என்ன வைக்கிறோம் என்பதில் இருக்கிறது.

மரத்துக்கு எவ்வளவு மண் வேண்டும்? கிரீடம் நிழல் விழுத்தும் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 0.3 முதல் 0.6 கன மீட்டர் என்பது நடைமுறைக் கணக்கு. 7 மீட்டர் விட்டமுள்ள கிரீடம் 38 சதுர மீட்டர் நிழல் தரும்; அதற்கு 11 முதல் 23 கன மீட்டர் மண் தேவை. மரத்துக்கு மரம் 8 மீட்டர் என்று வைத்தால், 1.5 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம், 8 மீட்டர் நீளம்: 12 கன மீட்டர். கீழ்வரம்பைத் தொட்டுவிட்டோம். தனித்தனிக் குழிகளாக வெட்டாமல் நீண்ட அகழியாக வெட்டுவதன் பயன் இதுதான். பக்கத்து மரங்கள் ஒரே மண்ணைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்று போனால் அதன் பங்கு மற்றதற்குக் கிடைக்கும்.

அகழியை மேலே திறந்துவிடலாமா, மூடி அதன் மேல் நடக்கவிடலாமா என்பது அடுத்த கேள்வி. திறந்த மண்தான் மலிவு, மரத்துக்கும் அதுவே பிரியம். ஆனால் நெரிசலான தெருவில் பத்தே நாளில் மிதித்து இறுக்கிவிடுவார்கள். களிமண் கலந்த மண் ஒரு கன செ.மீ-க்கு 1.4 கிராமுக்கு மேல் இறுகினால் வேர் திணறும். ஆகவே சுற்றிலும் 40, 45 செ.மீ உயரத்தில் உட்காரத் தகுந்த விளிம்புச் சுவர் கட்டி, ஒவ்வொரு 8 மீட்டரிலும் 5.5 மீட்டரைத் திறந்துவிட்டு, 2.5 மீட்டரைக் குறுக்கே கடக்கும் பாலமாக்குங்கள். பாலத்துக்கு அடியிலும் மண் தொடர வேண்டும். இந்த இடைவெளியை விடாமல் நெடுக அடைத்துவிட்டால் மக்கள் சுவரைத் தாண்டிச் செடியை மிதித்துத்தான் போவார்கள். தவறு அவர்களுடையது ஆகாது.

பாலத்துக்கு அடியில் என்ன போடுவது என்பதில் இரண்டு முறைகள் போட்டியிடுகின்றன. ஒன்று, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருவான ஜல்லிமண்: 20 முதல் 40 மி.மீ வரையுள்ள ஒரே தர ஜல்லி எடையில் நாலு பங்கு, களிமண் கலந்த மண் ஒரு பங்கு, பிரியாமல் ஒட்ட வைக்கக் கொஞ்சம் நீர்ப்பசை. ஜல்லி ஒன்றோடொன்று முட்டிப் பாரத்தைத் தாங்கும், இடுக்கில் உள்ள மண்ணில் வேர் ஓடும். சாதாரண ரோலரால் இறுக்கலாம், உள்ளூர் ஒப்பந்ததாரரே செய்துவிடுவார். குறை என்னவென்றால், 10 கன மீட்டர் போட்டாலும் உள்ளே இருக்கும் மண் 2 கன மீட்டர் அளவுதான். தண்ணீரும் விரைவாக வடிந்துவிடும். கலவையில் மண் கொஞ்சம் அதிகமானாலே ஜல்லி ஒன்றையொன்று தொடாமல் மிதக்கும், அமுக்கும்போது எல்லாம் ஒன்றாக இறுகிவிடும். கண்ணால் பார்த்துக் கலக்கக் கூடாது, எடை போட்டுத்தான் கலக்க வேண்டும்.

இரண்டாவது முறை, தூணும் மேல்தட்டும் கொண்ட பிளாஸ்டிக் கூடுகளை அடுக்கி, உள்ளே தளர்ந்த மண்ணை நிரப்பி, மேலே கல் பாவுவது. கொள்ளளவில் 90 சதவீதத்துக்கு மேல் மண். மரத்துக்குத் திறந்த அகழிக்கு இணையான சுகம். செலவு பல மடங்கு. அதைவிடப் பெரிய தொல்லை, நாளை கேபிள் போட வருகிறவர் கூட்டை அறுத்துவிட்டுப் போவார். ஸ்டாக்ஹோம் நகரம் மூன்றாவதாக ஒன்றைச் செய்கிறது: 100 முதல் 150 மி.மீ பெருங்கற்களை முதலில் நிரப்பி இறுக்கி, பிறகு மண்ணையும் மரக்கரியையும் தண்ணீர் பாய்ச்சி இடுக்குகளில் இறக்குகிறார்கள். மேலே ஒரு காற்றுக் கிணறு வழியே மழைநீரும் காற்றும் உள்ளே போகும். பெருங்கல் கிடைக்கும் ஊருக்கு இது நல்ல வழி.

இந்த அளவுத் தெருவுக்கு எங்கள் பரிந்துரை கலப்பு: திறந்த அகழி பெரும்பகுதி, பாலத்துக்கு அடியில் ஜல்லிமண், வேர் இரு பக்கமும் ஓட வழி கிடைக்கும். கூடுகளைச் சரக்கு இறக்கும் இடத்தின் ஓரம்போலத் திறந்த மண்ணுக்கு இடமே இல்லாத இடங்களுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், 25 மீட்டருக்கு ஒன்றாக, நடைபாதையின் முழு அகலத்துக்கும் கையால் சோதனைக் குழி தோண்டிப் பாருங்கள். பதிவேட்டில் இருக்கும் கேபிள் அங்கே இருக்காது, இல்லாதது இருக்கும். மின்கேபிள் கூட்டம் அகழிக்கு நடுவே வந்தால் மரத்தை நகர்த்துவது மலிவு, கேபிளை நகர்த்துவது மாதக்கணக்கு. கூடவே 30 முதல் 50 மீட்டருக்கு ஒன்றாக, சாலைக்குக் குறுக்கே இரண்டு வெற்றுக் குழாய்கள் 100 மி.மீ விட்டத்தில் புதைத்து, முனையை மூடி, இடத்தை வரைபடத்தில் குறித்துவிடுங்கள். நாளை வரும் கேபிள் புதுக் கல்லை உடைக்காமல் போக இதைவிட மலிவான வழி இல்லை.

எந்த மாதிரி மரம்

பலகையை மறைக்குமே என்று கடைக்காரர்கள் கேட்கும்போது, சரி, சின்ன மரமாக வைக்கிறோம் என்று ஒப்புக்கொள்வது வழக்கம். அது தலைகீழ் முடிவு. கடைப் பலகை 3 முதல் 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சின்ன அழகு மரத்தின் தலை ஆயுள் முழுக்க அதே உயரத்தில்தான் நிற்கும். 10, 12 மீட்டர் வளரும் மரத்தின் கிரீடம் முதல் ஐந்தாறு ஆண்டுகள் பலகையை மறைக்கும். ஆண்டுதோறும் கீழ்க்கிளையைக் கழித்து வந்தால் பிறகு பலகைக்கு மேலே போய்விடும், அடியில் வெறும் தண்டுதான் தெரியும். நடைபாதைப் பக்கம் 2.5 மீட்டர், வண்டிப் பக்கம் 4.5 மீட்டர் உயரம் வரையாவது தண்டு கிளையின்றி வெறுமையாக இருக்க வேண்டும். இன்னொன்று: மரத்தைக் கடை முகப்பின் நடுவே வைக்காமல், இரண்டு கடைகளைப் பிரிக்கும் பொதுச் சுவருக்கு நேராக வையுங்கள். 8 மீட்டர் இடைவெளி 7 ஆகவோ 9 ஆகவோ மாறினால் ஒன்றும் குறைந்துவிடாது. வாசல் மறையாது, கடைக்காரரும் அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்.

ஆல், அரசு போன்ற பெருவேர் மரங்கள் இந்தப் பட்டைக்கு ஆகாது. பழம் கொட்டி வழுக்கும் இனமும் வேண்டாம். ஒரே இனத்தை நெடுகிலும் வைத்தால் ஒரு நோய் முழுத் தெருவையும் மொட்டையாக்கும். ஒத்த உருவமுள்ள மூன்று இனங்களாவது கலந்திருக்கட்டும். நர்சரியில் 3 முதல் 4 மீட்டர் உயரமும் நேர்த்தண்டும் உள்ளதாகப் பாருங்கள். பையைக் கிழித்து வேர் சுற்றிச் சுருண்டிருக்கிறதா என்று பார்க்காமல் ஏற்காதீர்கள்.

நடும்போது நடக்கும் பெரிய தவறு ஆழம். தண்டு விரிந்து வேராகப் பிரியும் கழுத்து மண்மட்டத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தளர்ந்த மண் தாழும் என்பதால் 3 முதல் 5 செ.மீ உயர்த்தியே வையுங்கள். கழுத்து புதைந்தால் பட்டை அழுகும். மரம் சாக மூன்று நான்கு ஆண்டு ஆவதால் காரணம் யாருக்கும் விளங்காது.

கல்லும் கான்கிரீட்டும்

இப்போது தரைக்கல்லுக்கு வரலாம். பேவர் பிளாக் நடப்பவர்களுக்கு 60 மி.மீ, வண்டி ஏறும் இடத்தில் 80 மி.மீ. அடியில் 30 மி.மீ மணல் படுக்கை, அதற்குக் கீழே இறுக்கிய ஜல்லித்தளம். தோண்டினால் எடுத்து மறுபடி அடுக்கலாம் என்பதே இதன் பெரும்பலம். கேபிள் வேலை ஓயாத தெருவுக்கு இதுதான். ஓரத்தில் கான்கிரீட் தாங்கல் இல்லாவிட்டால் கற்கள் மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்து, இடுக்கு விரிந்து, மணல் போய்விடும். கீழ்த்தளத்தின் மேடு பள்ளத்தை மணலால் சரிசெய்யும் பழக்கத்தை அடியோடு தடுக்க வேண்டும். மணல் தடித்த இடம்தான் முதலில் அமுங்கும்.

இடத்திலேயே வார்க்கும் கான்கிரீட் 100 மி.மீ, வண்டி கடக்கும் இடத்தில் 150. சக்கர நாற்காலிக்கும் தள்ளுவண்டிக்கும் இதைவிட இதமான பரப்பு இல்லை. 1.5 மீட்டருக்கு ஒரு வெட்டு, ஏழு நாள் ஈரம் காயாமல் நீராற்றல். அந்த ஏழு நாள் கடை வாசலை மூடவும் முடியாது, நீராற்றலை விடவும் முடியாது. அங்கேதான் தரம் கெடுகிறது. தோண்டியபின் ஒட்டுப்போட்ட தடம் கடைசிவரை தெரியும். கிரானைட் பலகை மூன்றிலும் நீடிப்பது, ஆனால் சிமென்ட் கலவையில் ஒட்டிய பலகை கீழே வெற்றிடம் இருந்தால் ஒரு சக்கரம் ஏறினாலே விரியும். பளபளப்பாக்கிய கல் வேண்டவே வேண்டாம், மழையில் முதியவர்கள் விழுவார்கள். நமது தெருவுக்கு நடக்கும் 2.4 மீட்டரில் பேவர் பிளாக், குறுக்குத்தெரு வாய்களில் கான்கிரீட் என்பது போதும்.

வேலையின் வரிசை

ஒரு பக்கத்தை மட்டும், 60 முதல் 80 மீட்டர் துண்டுகளாக எடுங்கள். ஒரு துண்டு முடிந்து திறந்தபிறகே அடுத்ததைத் தோண்ட வேண்டும். ஒவ்வொரு கடைக்கும் 1.5 மீட்டர் அகலத்தில் கைப்பிடியுள்ள பலகைப் பாதை எந்நேரமும் இருக்க வேண்டும். கடைகளின் விற்பனை உச்ச வாரங்களை அவர்களிடமே கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த வாரங்களில் குழி எதுவும் திறந்திருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வரிசை இப்படி: வடிகாலும் குழாய்களும், பிறகு விளிம்புக்கல், பிறகு அகழி மண், பிறகு கல், கடைசியாக மழை தொடங்கும் பருவத்தில் மரம். மண் நிரப்பியபின் அதன் மேல் ஒரு முறை லாரி ஏறினாலும் அந்தப் பகுதியைக் கிளறி மீண்டும் நிரப்ப வேண்டும்.

மரம் நட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டு பராமரிப்பும் அதே ஒப்பந்தத்தில் சேர வேண்டும். தனி டெண்டர் என்று விட்டால் நடுவில் ஆறு மாதம் யாரும் இருக்க மாட்டார்கள், அந்த ஆறு மாதத்தில்தான் மரம் சாகும். வறண்ட நாட்களில் வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் மரத்துக்கு 50 லிட்டர், வேகமாக ஓடவிடாமல் பாத்தியில் நின்று ஊறும்படி. முட்டுக்கழியை ஓராண்டு முடிந்ததும் எடுத்துவிடுங்கள். கட்டிய கயிறு தண்டைத் தின்னத் தொடங்கும் காலம் அது. அலங்கார விளக்குக் கம்பியைத் தண்டில் சுற்றுவதையும் ஆணி அடித்துப் பலகை தொங்கவிடுவதையும் கடைச் சங்கமே முன்வந்து தடுக்கும்படி முதல் நாளே பேசி வையுங்கள். நடவு நாளில் ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண் கொடுத்து, இனம், நட்ட தேதி, எதிரே உள்ள கடை எண் எழுதிய பட்டியலைத் தண்ணீர் வண்டி ஓட்டுநரிடமும் கடைச் சங்கத்திடமும் ஒவ்வொரு படி கொடுத்துவிட வேண்டும். 17-ஆம் மரம் இரண்டு வாரமாகத் தண்ணீர் காணவில்லை என்று சொல்ல அப்போது தெருவிலேயே ஓர் ஆள் இருப்பார்.